காந்தம் சத்தம் போடாது

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வருகிறவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் சத்தத்தைப் பற்றித்தான் முதலில் சொல்வார். தலைமாட்டில் யாரோ சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை, குழாய்க்குள் படுத்திருந்தபோது வந்த மூச்சுமுட்டல், உடம்பில் ஏறிய இளஞ்சூடு, எழுந்தபோது சில நொடி தலைசுற்றல் என்று பட்டியல் நீளும். இவற்றைக் கேட்டவர்கள், தங்களுக்கும் அந்த ஸ்கேனை மருத்துவர் எழுதித் தரும்போது பாதி உயிரோடுதான் போகிறார்கள். சிலர் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய்க் கடைசியில் எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். பயம் இயல்பானதுதான், ஆனால் அது நிற்கும் இடம் தவறு. இந்தக் கருவிக்குள் உடம்பு உணர்கிற தொந்தரவுகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. உயிரைப் பறிக்கக்கூடிய ஆபத்தோ எந்த உணர்வையும் தருவதில்லை. சத்தம் போடுவதில்லை, சுடுவதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை. குழாயைப் பார்த்து நாம் படுகிற பயத்தில் பாதியை அந்த அறையின் வாசலில் எச்சரிக்கையாக மாற்றிவிட்டால், நோயாளியும் நிம்மதியாகப் படுப்பார், கூட வருகிறவரும் பத்திரமாக வீடு திரும்புவார்.

இதைப் புரிந்துகொள்ள, கருவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும். நம் உடல் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு தண்ணீர். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. அவற்றின் கரு ஒவ்வொன்றும் மிகச் சிறிய காந்தம் போல நடந்துகொள்ளும். வலுவான காந்தத்துக்குள் உடம்பை வைத்தால், இவற்றில் ஒரு சிறு பங்கு காந்தத்தின் திசைக்குச் சாயும். அந்த நேரத்தில் பொருத்தமான ரேடியோ அலையைச் செலுத்தினால் திசை மாறும். அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது மெல்லிய ரேடியோ சமிக்ஞை ஒன்று வெளிப்படும். கொழுப்பு, தசை, மூளை, கட்டி என்று இடத்துக்கு இடம் அந்தத் திரும்புதலின் வேகம் மாறுவதால் படம் கிடைக்கிறது. ரேமண்ட் டமாடியன் குழுவினர் 1977 ஜூலை 3 அன்று முதன்முதலாக ஒரு மனிதரின் மார்புப் பகுதியைப் படம்பிடித்தபோது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆனது. இந்த இயற்பியலைப் பயன்படும் படமாக்கிய பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இன்று முதுகுத்தண்டையோ மூளையையோ 20 முதல் 45 நிமிடங்களில் எடுத்து முடித்துவிடுகிறார்கள்.

‘ரேடியேஷன் உடம்பில் தங்கிவிடுமா?’ என்பது பலரும் கேட்கிற முதல் கேள்வி. எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் இருப்பது அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றலுள்ள கதிர். அது மரபணுவைச் சேதப்படுத்தக்கூடும். எம்.ஆர்.ஐ.யில் அந்த வகைக் கதிரே இல்லை. 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலுவின் அலகு) கருவி பயன்படுத்தும் ரேடியோ அலை ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லா கருவியுடையது 128 மெகாஹெர்ட்ஸ். நாம் பாட்டுக் கேட்கும் எஃப்.எம். அலைவரிசை 88க்கும் 108க்கும் இடையில் இருக்கிறது. அதன் இருபுறமும் பக்கத்து வீடுகளைப் போல இருப்பவைதான் இவை. ஆக, கதிரைப் பற்றிய அச்சத்தை இறக்கி வைத்துவிடலாம். கவனிக்க வேண்டியவை மூன்று: எப்போதும் இருக்கும் பெரிய காந்தப்புலம், படம் எடுக்கும்போது மட்டும் வேகவேகமாக மாறிக்கொண்டிருக்கும் சிறு காந்தப்புலங்கள், பிறகு ரேடியோ அலை. இந்த மூன்றும் உடம்பிடம் மூன்று விதமாகப் பேசுகின்றன. எது உரக்கப் பேசுகிறது, எது பேசாமலே இருக்கிறது என்று பார்த்தால் ஆபத்து எங்கே என்பது விளங்கும்.

உரக்கப் பேசுவது, வேகமாக மாறும் சிறு காந்தப்புலங்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் உடம்பில் எந்த இடம் என்று கணிக்க, குழாயின் சுவருக்குள் இருக்கும் கம்பிச்சுருள்களில் மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு தடவைகூட மாற்றி மாற்றிச் செலுத்துகிறார்கள். வலுவான காந்தத்துக்குள் இருக்கும் கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் கம்பி உதறும். ஒலிபெருக்கியின் உள்ளே நடப்பதும் இதுவேதான். இங்கே ஒலிபெருக்கி ஆள் உயரத்துக்கு இருக்கிறது. டக் டக் என்பதும் டர்ர்ர் என்பதும் கருவி உடைகிற ஓசை கிடையாது; படம் எடுக்கப்படுவதன் ஓசை. ஸ்கேனின் வகையைப் பொறுத்து அது 100 டெசிபலைத் தாண்டும். இதைச் சாதாரணமாக விட்டுவிட முடியாது. காதுக்குக் காப்பு இல்லாமல் படுத்தவர்களில் பலருக்குக் கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்ததை 1988லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் இதற்குத் தீர்வு கையடக்கமானது. காதுக்குள் செருகும் பஞ்சு அடைப்பானோ, காதை மூடும் ஹெட்போனோ, தேவைப்பட்டால் இரண்டுமோ சரியாகப் போட்டுக்கொண்டால் ஓசை பாதுகாப்பான அளவுக்கு இறங்கிவிடும். தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். சரியாகப் பொருந்தவில்லை என்றால் ஆரம்பிக்கும் முன்பே சொல்லுங்கள்.

இதே சிறு காந்தப்புலங்கள் இன்னொரு விசித்திரமான உணர்வையும் தரும். மாறுகிற காந்தப்புலம் உடம்பில் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்குவதால், சிலருக்கு முதுகிலோ இடுப்பிலோ தோளிலோ சதை துடிக்கும். யாரோ விரலால் சுண்டுவது போல இருக்கும். தெரியாமல் படுத்திருப்பவருக்கு ‘ஷாக் அடிக்கிறதோ’ என்று தோன்றுவது இயல்பு. நரம்பு தூண்டப்படத் தொடங்கும் எல்லையைக் கணக்கில் வைத்துத்தான் சர்வதேசத் தரவிதிகள் கருவியின் வேகத்துக்கு வரம்பு கட்டியிருக்கின்றன. இதயத்தைத் தூண்டுவதற்கு வேண்டிய வலு அதைவிட வெகு தொலைவில் இருக்கிறது. ஆகவே சதைத் துடிப்பு சங்கடமே தவிர சேதமில்லை. துடிப்பு வலியாக மாறினால் மட்டும் கையில் கொடுத்திருக்கும் ரப்பர் பந்தை அழுத்த வேண்டும். டெக்னீஷியன் நிறுத்தி, முறையை மாற்றி எடுக்க முடியும்.

அடுத்தது ரேடியோ அலை. இது சூடாகப் பேசும். மைக்ரோவேவ் அடுப்பில் அலையின் ஆற்றல் உணவில் வெப்பமாவது போல, இங்கேயும் ஆற்றலில் ஒரு பங்கு உடம்பில் வெப்பமாகிறது, அளவுதான் வேறு. வழக்கமான ஸ்கேனில் முழு உடம்புக்கும் கிலோவுக்கு 2 வாட் என்பது வரம்பு. உடலின் உள்வெப்பம் அரை டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வதற்காக வைத்த வரம்பு அது. வியர்வையும் இரத்த ஓட்டமும் அந்த வெப்பத்தை வெளியேற்றிவிடும். குழாய்க்குள் காற்றும் ஓடிக்கொண்டிருக்கும். உடம்பு முழுக்கப் பரவுகிற இளஞ்சூடு எதிர்பார்க்கப்பட்டதே. ஆனால் ஒரே இடத்தில் சுள்ளென்று சுடுவது வேறு விஷயம். அமெரிக்காவின் மருந்து, உணவுக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வந்து சேர்ந்த எம்.ஆர்.ஐ. பாதிப்புப் புகார்களில் மிக அதிகமாகக் காணப்படுவது தீப்புண்தான். மின்கடத்தும் பொருள் ஒரு வளையமாக அமைந்துவிட்டால் அதில் மின்சாரம் ஓடி ஒரு புள்ளியில் வெப்பம் குவிகிறது. இதயத் துடிப்பைப் பார்க்க ஒட்டிய வயர் சுருண்டு கிடந்தால் இப்படி நடக்கும். கைகளைக் கோத்து வயிற்றின் மேல் வைத்தாலோ, வெறுந்தொடைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோகூட நடக்கும்; அப்போது வளையமாவது உடம்பேதான். கைகளைக் கோக்க வேண்டாம், கால்களுக்கு நடுவில் துணி வைக்கிறோம் என்று டெக்னீஷியன் சொல்வது இதனால்தான். இந்தக் கருவிக்குள் உடம்பு தரும் எச்சரிக்கைகளில் உடனே மதிக்க வேண்டியது இது ஒன்று. ஓரிடத்தில் சுட்டால் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ‘நடுவில் நிறுத்தினால் திரும்ப முதலிலிருந்து எடுப்பார்களே’ என்று யோசிக்கவும் கூடாது.

தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் சிலவற்றின் பின்புறம் அலுமினியத் தகடு இருக்கிறது; அவற்றைக் கழற்றாமல் ஸ்கேனுக்குப் போனவர்களுக்குத் தோல் வெந்திருக்கிறது. வியர்வை நாற்றத்தைத் தடுக்க வெள்ளி இழை கலந்து நெய்த விளையாட்டு உடைகளும் அப்படியே. மூக்கின் மேல் வளைக்கும் கம்பி வைத்த முகக்கவசத்தோடு கழுத்து ஸ்கேன் எடுத்த ஒருவருக்கு முகத்தில் தீக்காயம் ஏற்பட்ட பின், 2020 டிசம்பரில் அமெரிக்க அமைப்பு அதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. பச்சை குத்தியவர்களுக்கோ பயம் தேவைக்கு மிஞ்சியே இருக்கிறது. பச்சை மையில் இரும்புச் சேர்மங்கள் இருக்கலாம் என்பதால் தோல் எரியும் என்ற பேச்சு நெடுநாளாக இருந்தது. லண்டன், லைப்சிக் ஆய்வாளர்கள் பச்சை குத்திய 330 பேரை எம்.ஆர்.ஐ.யில் வைத்து ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் ஒரே ஒருவருக்கு மட்டும் லேசான தொந்தரவு வந்து மறைந்தது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது சிறிய ஆபத்தாகவும், யாரும் நினைத்துப் பார்க்காத பட்டை பெரிய ஆபத்தாகவும் இருக்கிறது.

இனி, பேசாமல் இருக்கும் பெரிய காந்தம். பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் 1.5 டெஸ்லா கருவியின் வலு சுமார் 30,000 மடங்கு. மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் திரவ ஹீலியத்துக்குள் மூழ்கியிருக்கும் கம்பிச்சுருள்களில் மின்தடை இல்லாமல் மின்சாரம் சுற்றிக்கொண்டே இருப்பதால் இந்த வலு கிடைக்கிறது. ஒருமுறை ஏற்றிய மின்சாரம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். ஸ்கேன் நடக்காதபோதும், விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிய பிறகும், கரன்ட் போனாலும் அந்தக் காந்தம் அங்கேயே இருக்கிறது. இவ்வளவு பெரிய விசைக்குள் படுத்திருப்பவர் உணர்வது மிகக் கொஞ்சம். வலுக் கூடிய கருவிகளில் சிலருக்குத் தலை கிறுகிறுக்கும், வாயில் உலோகச் சுவை தட்டும். உட்காதில் சமநிலையைக் காக்கும் திரவத்தில் ஓடும் இயல்பான மின்னோட்டத்தைக் காந்தப்புலம் தள்ளுவதால்தான் கிறுகிறுப்பு வருகிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் விளக்கினார்கள். காந்தத்தை விட்டு வெளியே வந்ததும் அது அடங்கிவிடும். படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்து ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும்.

தசையையும் எலும்பையும் தொடாமல் விடுகிற அந்தக் காந்தம் இரும்பை விடுவதில்லை. 2001 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில், மயக்கம் கொடுக்கப்பட்டு ஸ்கேனுக்குள் படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவன், அறைக்குள் கொண்டுவரப்பட்ட இரும்பு ஆக்சிஜன் சிலிண்டர் பறந்து வந்து தலையில் மோதியதால் இறந்தான். 2018 ஜனவரியில் மும்பையில், உறவினரின் ஸ்கேனுக்குத் துணையாகச் சென்ற 32 வயது இளைஞர் கையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் நுழைந்தார். கருவி அணைத்துத்தான் இருக்கிறது என்று ஊழியர் சொன்னதாக உறவினர்கள் கூறினார்கள். சிலிண்டரோடு சேர்த்து அவரையும் காந்தம் இழுத்துக்கொண்டது. கசிந்த ஆக்சிஜன் அவர் உயிரைக் குடித்தது. 2025 ஜூலையில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், ஸ்கேன் முடிந்த மனைவியைத் தூக்கிவிட உள்ளே போன 61 வயதுக்காரரின் கழுத்தில் உடற்பயிற்சிக்கான ஒன்பது கிலோ இரும்புச் சங்கிலி கிடந்தது. அதைப் பிடித்து இழுத்த காந்தத்திடமிருந்து அவர் மீளவில்லை. இறந்த மூவரில் இருவர் நோயாளிகளே அல்லர். அந்த இருவரும் உள்ளே நுழைந்த நேரத்தில் ஸ்கேனின் சத்தமும் இல்லை. ஒரு வீட்டின் முழு அச்சமும் படுத்திருப்பவரைச் சுற்றியே இருந்தபோது, ஆபத்து கூட நின்றவரைத் தேடி வந்திருக்கிறது.

விஷயம் தெரிந்தவர்கள்கூட ஏன் ஏமாறுகிறார்கள் என்றால், இந்த இழுவிசை படிப்படியாக வளர்வதில்லை. கருவியிலிருந்து சில அடி தள்ளி நிற்கும்போது கையிலுள்ள இரும்பில் எதுவும் தெரியாது. இரண்டு எட்டு வைத்ததும் விசை பல மடங்காகிவிடும். சுற்றுப்புறத்தைப் பாதிக்காதபடி காந்தப்புலத்தை உள்ளுக்குள்ளேயே அடக்கிவைக்கும் புதிய கருவிகளில் இந்த எழுச்சி இன்னும் செங்குத்தாக இருக்கிறது. கையில் லேசாக இழுப்பது தெரிந்து, சுதாரித்துப் பின்வாங்கலாம் என்று நினைப்பவருக்கு அதற்கு நேரமே கிடைக்காது. அவசர நிறுத்தப் பொத்தானும் காந்தத்தை நிறுத்தாது; ஸ்கேனையும் மேஜையையும்தான் நிறுத்தும். காந்தத்தை அணைக்க வேண்டுமானால் ஹீலியத்தை முழுக்க ஆவியாக்கி வெளியேற்ற வேண்டும். அதற்குத் தனிப் பொத்தான் உண்டு. அழுத்திய பிறகும் வலு இறங்க ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். மீண்டும் ஹீலியம் நிரப்பப் பல லட்சம் ரூபாய் செலவாகும். ஆவியான ஹீலியம் வெளியே போகும் குழாய் அடைபட்டிருந்தால் அறைக்குள் மூச்சுவிடக் காற்றே இருக்காது. ஆகவே இந்த ஆபத்தை உள்ளே போன பிறகு சமாளிக்க வழியில்லை. வாசலிலேயே தடுத்தால்தான் உண்டு.

வாசலில் கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்வது அங்கே நோயாளியின் பங்கு. உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. கோவையிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் லேத் பட்டறை, வெல்டிங், கிரைண்டிங் வேலையில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். எப்போதோ கண்ணில் தெறித்த இரும்புத் துணுக்கு எந்தத் தொந்தரவும் தராமல் உள்ளேயே கிடக்கலாம். காந்தத்துக்குள் போனதும் அது நகரும். தகரத் தொழிலாளி ஒருவருக்கு இப்படி ஒரு கண்ணின் பார்வை போன சம்பவம் 1986லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. முன்கூட்டிச் சொன்னால், கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துத் துணுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்தக் கருவியின் உள்பகுதியிலேயே ஒரு காந்தம் இருக்கிறது. தக்க முன்னேற்பாடு இல்லாமல் ஸ்கேனுக்குள் வைத்தால் அது இடம் பெயர்ந்து குழந்தைக்குக் கடும் வலி வரும். மூளையில் இரத்தக்குழாய் வீக்கத்துக்குப் போட்ட பழைய உலோகக் கிளிப், நரம்பைத் தூண்டும் கருவி, இன்சுலின் பம்ப், தோலில் ஒட்டிய சர்க்கரை அளவுமானி, உடம்பில் தங்கிவிட்ட குண்டுச் சிதறல் ஆகிய எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

‘உடம்புக்குள் உலோகம் என்றாலே ஸ்கேன் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களே, அதற்குச் சொல்லாமலே இருக்கலாம்’ என்று எண்ணுகிறவர்கள் உண்டு. இந்த எண்ணத்துக்குப் பழைய காரணம் இருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. அதனால் அவர்களில் பலருக்குத் தேவையான நோயறிதல் மறுக்கப்பட்டது. இன்று நிலைமை மாறிவிட்டது. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கருக்கு அமெரிக்கா 2011இல் ஒப்புதல் தந்தது. பழைய வகைக் கருவி வைத்திருந்தவர்களுக்கு எடுத்த 1,500 ஸ்கேன்களைத் தொகுத்த அமெரிக்க ஆய்வு 2017இல் வெளிவந்தது. மார்புப் பகுதி நீங்கலாக 1.5 டெஸ்லா கருவியில் முறைப்படி எடுத்த அந்த ஸ்கேன்களில் ஒரு உயிரிழப்பும் இல்லை. ஒரே ஒரு கருவியை மட்டும் உடனே மாற்ற வேண்டியிருந்தது. ஸ்கேனுக்கு முன் செய்ய வேண்டிய அமைப்பு மாற்றத்தைச் சரியாகச் செய்யாமல் விட்ட கருவி அது. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட், எலும்பில் போட்ட டைட்டானியம் தகடு, காப்பர் டி ஆகியவை பெரும்பாலும் ஸ்கேனுக்குத் தடையே இல்லை. ஆகவே சொல்லிவிடுவதால் ஸ்கேன் பறிபோவதில்லை. எந்தக் கருவியில், எந்த அமைப்பில், யார் முன்னிலையில் எடுப்பது என்று திட்டமிட முடிகிறது. அறுவை சிகிச்சையின்போது தந்த அட்டையையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் பத்திரமாக வைத்திருந்து கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது.

நகைகளைக் கழற்றச் சொல்வது நம் ஊரில் தனிப் பிரச்சினை. தாலியைக் கழற்றச் சொன்னதும் பல பெண்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. மெட்டி பல ஆண்டுகளாகக் கழற்றாமல் விரலோடு இறுகியிருக்கும். ‘தங்கத்தைக் காந்தம் இழுக்காதே, பிறகு ஏன் கழற்ற வேண்டும்?’ என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. தங்கத்தையும் வெள்ளியையும் காந்தம் இழுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் சங்கிலியின் கொக்கிக்குள் இருக்கும் சிறு ஸ்பிரிங் எஃகாக இருக்கலாம். தாலிச் சரட்டில் மாட்டிவைக்கும் ஊக்கு எஃகேதான். கழுத்தைச் சுற்றிக் கிடக்கும் சங்கிலி மின்கடத்தும் வளையம் என்பதால் ரேடியோ அலையில் சூடாகும். அதைச் சுற்றியுள்ள பகுதி படத்திலும் சிதைந்துபோகும். தாயத்துக்குள் இருக்கும் தகடு, அரைஞாண் கயிற்றில் கோத்த உலோகம், ரவிக்கைக் கொக்கி, ஹேர்பின், சரிகை, கண் மையில் உள்ள இரும்புத் துகள் எல்லாம் இதே கணக்கில் வரும். இங்கே அவசரப்படுத்துவதும் அதட்டுவதும் பயன் தராது. நேரம் குறித்துத் தரும்போதே என்னென்ன கழற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டால், வீட்டிலேயே சோப்பு தடவி மெட்டியைக் கழற்றலாம், தாலியைப் பெரியவர்கள் கையில் கொடுத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வரலாம். கழற்றவே முடியாத மோதிரம் இருந்தால் மறைக்காமல் சொன்னால், என்ன செய்யலாம் என்று டெக்னீஷியன் முடிவெடுப்பார்.

குழாய்க்குள் வரும் மூச்சுமுட்டல் இதயத்திலோ நுரையீரலிலோ வருகிற கோளாறு கிடையாது. குறுகிய இடத்தைக் கண்டு மனம் எழுப்பும் அச்சம். ஆனாலும் அது நிஜமான துன்பம். ஐரோப்பாவில் 50,000க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்த ஆய்வொன்றில் நூற்றில் ஏறக்குறைய இருவருக்கு இது தொந்தரவாக இருந்தது. குழாயின் இரு முனையும் திறந்திருக்கிறது, காற்று ஓடுகிறது, கையில் பந்து இருக்கிறது, வெளியே இருப்பவர் பேசுவது கேட்கும் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். மேஜை நகர்வதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்வது, கண் மேல் துணி போடுவது, முழங்கால் ஸ்கேனுக்குக் கால்பக்கமாக உள்ளே போக முடியுமா என்று கேட்பது, 60 செண்டிமீட்டருக்குப் பதில் 70 செண்டிமீட்டர் அகலக் குழாய் உள்ள மையத்தைத் தேடுவது எல்லாம் உதவும். தாங்கவே முடியாது என்று தெரிந்தவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால் லேசான மருந்து தருவார். நடுவில் அசைந்து படம் கலங்கித் திரும்ப எடுப்பதைவிட, முதலிலேயே பயத்தை ஒப்புக்கொள்வது நல்லது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

படம் தெளிவாகத் தெரிவதற்காகச் சிலருக்குப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசியிலும் உணர்வும் ஆபத்தும் இப்படியே பிரிந்து நிற்கின்றன. கடோலினியம் கலந்த மருந்து ஏறும்போது கையில் குளிர்ச்சி ஓடும், சிலருக்கு லேசாகக் குமட்டும், அது கடந்துபோகும். உண்மையான ஆபத்து பல வாரங்கள் கழித்தே தெரிந்தது. சிறுநீரகம் செயலிழந்த சிலருக்குத் தோல் இறுகிக் கட்டையாகும் நோய் வந்ததற்கும் இந்த மருந்துக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பிறகு சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்து, பாதுகாப்பான வகை மருந்தைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதும் அந்த நோய் ஏறக்குறைய மறைந்தே போனது. மிகச் சிறிய அளவு கடோலினியம் மூளையிலும் எலும்பிலும் தங்குவதும் பின்னர் தெரியவந்தது. சிறுநீரகம் சரியாக உள்ளவர்களுக்கு அதனால் தீங்கு நேர்வதாக நிரூபணம் இல்லை என்றாலும், அவசியம் இருந்தால் மட்டும் போடுவது என்பதே சரியான வழி. கனடாவின் ஒன்டாரியோவில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் எடுத்த எம்.ஆர்.ஐ.யால் குழந்தைக்குப் பாதிப்பு கூடவில்லை. கடோலினியம் போட்டவர்களிடம் கூடியிருந்தது. டயாலிசிஸ் செய்கிறவரும் கர்ப்பிணியும் ஊசிக்கு முன் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

‘இவ்வளவையும் நோயாளியின் தலையில் கட்டுவது சரியா? பாதுகாப்பு மருத்துவமனையின் பொறுப்பு அல்லவா?’ என்று கேட்டால், முதற்பொறுப்பு மருத்துவமனையுடையதுதான். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. மேலே சொன்ன மரணங்கள் எல்லாமே பூட்டியிருக்க வேண்டிய கதவு திறந்திருந்ததால் நடந்தவை. நம் நாட்டில் எக்ஸ்ரே, சி.டி. கருவிகளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கண்காணிக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் அந்த வகைக் கதிர் இல்லாததால் அது வாரியத்தின் வரம்புக்குள் வருவதில்லை. கதிர் இல்லை என்ற நல்ல செய்தியே கண்காணிப்பில் இடைவெளியாகிவிட்டது. காந்த அறைக்கு முன் படிப்படியான தடுப்புகள், வார்டு பாய் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் பயிற்சி, இரும்பில்லாத சிலிண்டரும் ஸ்ட்ரெச்சரும், நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் தமிழிலேயே கேள்வித்தாள் ஆகியவற்றை அரசு கட்டாயமாக்க வேண்டும். அது வரும்வரை ஸ்கேன் மையங்கள் தாமாகவே செய்ய வேண்டும். ‘எல்லாவற்றையும் சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள்’ என்ற சாக்கு இங்கே எடுபடாது. எந்த ஓசை வரும், எங்கே சூடு வரும், எப்போது பந்தை அழுத்த வேண்டும் என்று தெரிந்தவர் அமைதியாகப் படுப்பார். தெரியாதவர்தான் ஒவ்வொரு டக்குக்கும் திடுக்கிடுவார்.

எம்.ஆர்.ஐ. எழுதித் தரப்பட்டால் தயங்காமல் போங்கள். சத்தத்துக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள், ஓரிடத்தில் சுட்டாலோ சதைத் துடிப்பு வலித்தாலோ பந்தை அழுத்துங்கள், மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம். உடம்புக்குள் இருப்பதையும் உடம்பின் மேல் இருப்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். கூடப் போகிறவராக இருந்தால், உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், உள்ளிருந்து உதவிக்கு அழைத்தாலும், டெக்னீஷியன் உங்களைச் சோதித்து அனுமதிக்காமல் அந்த வாசலைத் தாண்டாதீர்கள். அறை நிசப்தமாக இருக்கலாம், விளக்குகூட அணைந்திருக்கலாம். காந்தம் மட்டும் அணைந்திருக்காது.